கோட்டைக்கு அடியில் ஓடும் தெருக்கள்

திங்கள் இரவு

டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "எந்த ரைடு நல்லா இருக்குமாம்?" எனக்கு ரைடு மேல் பெரிய ஆசை கிடையாது. திருநெல்வேலியில் எங்கள் குடும்பம் கல்யாண மண்டபம் நடத்துகிறது. ஆயிரம் பேர் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் எச்சில் இலை எந்த வாசல் வழியாகப் போகும், சம்பந்தி வீட்டார் கண்ணில் படாமல் கேஸ் சிலிண்டர் எப்படி உள்ளே வரும், சமையல்காரர்கள் எங்கே கால் நீட்டுவார்கள், இவைதான் எப்போதும் என் தலைக்குள் ஓடுபவை. டிஸ்னி வேர்ல்டில் உள்ள பூங்காக்களில் மேஜிக் கிங்டம் ஒன்றுக்கே நாளைக்குச் சராசரியாகச் சுமார் 50,000 பேர் வந்துபோகிறார்கள். அப்படிப்பட்ட ஓர் இடத்தை முன்வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்ப எனக்கு மனம் வராது. பின்கட்டைப் பார்த்தாக வேண்டும். அங்கே கூட்டிப்போய்க் காட்டுகிற சுற்றுகளை டிஸ்னியே கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்துகிறது. வேண்டியவற்றுக்கு முன்பதிவு செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

அக்கா இருப்பது அமெரிக்காவில், ஃப்ளோரிடா மாநிலத்து டாம்பாவில். அங்கிருந்து டிஸ்னி வேர்ல்டுக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். "இவ்வளவு தூரம் வந்து குப்பை எங்க போகுதுன்னு பாக்கப் போறியாடி?" என்றாள். அத்தான்தான், "விடு, அவ தொழில் அது" என்று என் பக்கம் பேசினார்.

இன்று எல்லோரையும்போல டிக்கெட் எடுத்துக்கொண்டு மேஜிக் கிங்டம் போனோம். கார் நிறுத்துமிடத்தில் இறங்கினால் பூங்கா கண்ணுக்கே தெரியாது. முன்னால் ஒரு பெரிய ஏரி கிடக்கிறது. படகிலோ மோனோரயிலிலோ அதைக் கடந்தால்தான் வாசல். செவன் சீஸ் லகூன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இயற்கையாக இருந்த ஏரி இல்லை, தோண்டியது. இந்த ஏரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேண்டியிருக்கும்.

உள்ளே நுழைந்ததும் மெயின் ஸ்ட்ரீட். நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கச் சிற்றூர்க் கடைத்தெரு. கட்டடங்களின் மேல்மாடியை வேண்டுமென்றே சிறிய அளவில் கட்டியிருப்பதால் அண்ணாந்து பார்க்கும்போது உயரம் கூடுதலாகத் தெரிகிறது. தெருக்கோடியில் நிற்கும் சிண்ட்ரெல்லா கோட்டையிலும் இதே வேலைதான். அதன் உண்மையான உயரம் 189 அடி. 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது அங்குள்ள விதி. தேவதைக் கதைக் கோட்டைக்குச் சிவப்பு விளக்கு பொருந்துமா? அதனால் அதற்குள் நிறுத்திக்கொண்டு, மேலே போகப் போக ஜன்னலையும் கல்லையும் சிறுக்க வைத்து உயரத்தைக் காட்டிவிட்டார்கள். கல் என்று நான் சொல்வதும் பார்வைக்குத்தான். உள்ளே இரும்பும் கான்கிரீட்டும், வெளியே ஃபைபர் கிளாஸ். செங்கல் ஒன்றுகூட இல்லை.

மாடி ஜன்னல்களில் பெயர்கள் எழுதியிருக்கின்றன. ஏதோ வக்கீல், ஏதோ தையல்கடை என்று விளம்பரம்போல இருக்கும். உண்மையில் இந்த இடத்தைக் கட்டியவர்களின் பெயர்கள் அவை. ஒரு ஜன்னலில் மட்டும் சில கம்பெனிகளின் பட்டியல் இருக்கிறது. 1960களில் வால்ட் டிஸ்னி இங்கே நிலம் வாங்கியபோது வாங்குவது யார் என்று வெளியே தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதற்காகப் பெயருக்கு ஆரம்பித்த கம்பெனிகள் அவை. சதுப்பும் புதருமாகக் கிடந்த சுமார் 27,000 ஏக்கர், ஏறக்குறைய 50 லட்சம் டாலருக்கு முடிந்தது. 1965 அக்டோபரில் ஆர்லாண்டோ பத்திரிகை விஷயத்தைப் போட்டு உடைத்தது. நவம்பரில் ஃப்ளோரிடா ஆளுநரை அருகில் வைத்துக்கொண்டு வால்ட் டிஸ்னி அறிவிப்பு செய்தார். அடுத்த வருஷம் டிசம்பரில் அவர் இறந்துபோனார். ஓய்வெடுக்கப் போகவிருந்த அண்ணன் ராய் டிஸ்னி பொறுப்பை எடுத்துக்கொண்டு கட்டி முடித்து, 1971 அக்டோபர் 1ஆம் தேதி திறந்துவைத்தார். திறந்த மூன்றாவது மாதமே அவரும் போய்விட்டார். தம்பி பெயரையும் சேர்த்து 'வால்ட் டிஸ்னி வேர்ல்ட்' என்றுதான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த மனிதர் அவர். எனக்கு அந்த ஜன்னல்களுக்குக் கீழே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்போல இருந்தது.

கோட்டைக்கு ஊடாக நடந்துபோகிற வழியில் மொசைக் சுவர்ச் சித்திரங்கள் இருக்கின்றன. மக்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். நீங்கள் போனால் தயவுசெய்து பக்கத்தில் போய்ப் பாருங்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள், 500 நிறங்கள், இடையிடையே நிஜத் தங்கமும் வெள்ளியும். சிண்ட்ரெல்லா செருப்பு போட்டுப் பார்க்கும் காட்சியில் பின்னால் நிற்கிற இரண்டு சகோதரிகளில் ஒருத்தியின் முகம் கோபத்தில் சிவந்திருக்கிறது, இன்னொருத்தியின் முகம் பொறாமையில் பச்சையாக இருக்கிறது. வரைந்தவர் டொரதியா ரெட்மண்ட். துண்டு துண்டாகப் பதித்தவர் ஹான்ஸ் ஷார்ஃப். இவர் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படைக்காகக் கைதிகளை விசாரித்தவர். அடி, உதை எதுவும் இல்லாமல் நட்பாகப் பேசியே விவரம் கறந்துவிடுவார் என்று பெயர் எடுத்தவர். போருக்குப் பிறகு அமெரிக்கா வந்து மொசைக் கலைஞர் ஆகிவிட்டார். அந்தப் பச்சை முகத்துக்கு இத்தனை வகைப் பச்சையைத் தேடி எடுத்திருக்கிறார்.

செவ்வாய் இரவு

இன்றுதான் பெரிய நாள். 'கீஸ் டு தி கிங்டம்' என்ற சுற்று, மதியச் சாப்பாட்டோடு சேர்த்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 16 வயதுக்குக் கீழே இருந்தால் அனுமதி இல்லை, பின்பக்கத்தில் படம் எடுக்கக் கூடாது. போனைக் கைப்பைக்குள் போடச் சொன்னார்கள். ஆளுக்கொரு காதொலிக் கருவி கொடுத்தார்கள். அதனால் வழிகாட்டிப் பெண் கூட்டத்தில் மெதுவாகப் பேசினாலும் எங்களுக்குக் கேட்டது.

இங்கே வேலை செய்கிற எல்லோரும் காஸ்ட் மெம்பர்கள். பொதுமக்கள் நடமாடும் இடம் மேடை, மற்றதெல்லாம் மேடைக்குப் பின்பக்கம். சட்டையில் குத்தியிருக்கிற பெயர்ப்பட்டையில் பெயருக்குக் கீழே சொந்த ஊரும் இருக்கிறது. வழி கேட்டால் ஒற்றை விரலை நீட்டுவதில்லை, இரண்டு விரலைச் சேர்த்தோ முழுக் கையாலோ காட்டுகிறார்கள். பூங்காவில் எங்கும் சூயிங்கம் விற்பதில்லை, தரையில் ஒட்டும் என்பதால்.

ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய்வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். முதல் அறையில் சுவர் நீண்டுகொண்டே போகும். கலிஃபோர்னியாவில் உள்ள பழைய டிஸ்னிலேண்டில் அந்த அறை நிஜமாகவே ஒரு லிஃப்ட், ஆட்களைக் கீழே இறக்குகிறது. ரயில் பாதைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் இருக்கிற கட்டடத்துக்குப் போக வேண்டியிருந்ததால் அப்படிச் செய்தார்கள். இங்கே அந்தத் தேவை இல்லை. நாம் நின்ற இடத்தில் நிற்க, கூரை மேலே ஏறுகிறது. நடனக்கூடத்தில் ஊடுருவித் தெரிகிற பேய்கள் சுழன்று ஆடுகின்றனவே, அது 1860களில் லண்டன் நாடக மேடையில் ஜான் பெப்பர் என்ற விஞ்ஞானி பிரபலப்படுத்திய உத்தி. நமக்கும் கூடத்துக்கும் நடுவே மாபெரும் கண்ணாடி. பேய் பொம்மைகள் நம் வண்டிக்கு மேலேயும் கீழேயும் மறைவில் இருக்கின்றன. அவற்றின் மேல் வெளிச்சம் விழும்போது பிம்பம் கண்ணாடியில் தெரிகிறது. கணினிப் படம் எதுவும் கிடையாது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலான தந்திரம் இன்றும் பிள்ளைகளை அலற வைக்கிறது.

அப்புறம் 'காஸ்ட் மெம்பர்கள் மட்டும்' என்று எழுதிய ஒரு கதவு. அதைத் தாண்டியதும் பாட்டு நின்றுவிட்டது. பூங்காவுக்குள் எங்கே போனாலும் காதில் விழுந்துகொண்டிருந்த இசை அந்தக் கதவோடு முடிகிறது. அந்தப் பக்கம் சாதாரணத் தார்ரோடு, லாரிகள், வெயில், கட்டடங்களின் அலங்காரம் இல்லாத முதுகு. மேடைப் பக்கத்திலிருந்து யாராவது எட்டிப் பார்த்தாலும் கவனம் போகாமல் இருக்க, மறைக்க வேண்டிய சுவர்களுக்கு இலையோடு கலந்துபோகிற மங்கிய பச்சை பூசியிருந்தார்கள். ஊர்வல வண்டிகள் நிற்கிற கொட்டகையையும் பார்த்தோம். அங்கே பார்த்தவற்றில் சிலவற்றை எழுதப்போவதில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைப் படிப்பீர்கள்.

சாப்பிட்ட பிறகு சுரங்கம். யூட்டிலிடார் என்று சொல்கிறார்கள். படி இறங்கிப் போனோம், ஆனால் நாங்கள் போய் நின்றது நிஜத் தரைமட்டத்தில். ஃப்ளோரிடாவில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும், பாதாள அறை கட்ட வழியில்லை. அதனால் முதலில் தரைமேல் கான்கிரீட் நடைகூடங்களைக் கட்டி, சுற்றிலும் மேலேயும் மண்ணை நிரப்பி, அதன்மேல் பூங்காவைக் கட்டினார்கள். அந்த மண் எங்கிருந்து வந்தது? நேற்று படகில் கடந்தோமே, அந்த ஏரியில் தோண்டியது. வந்து இறங்கும்போது அழகு காட்டுகிற ஏரிதான் பூங்காவையே தூக்கி நிறுத்தியிருக்கிறது. மக்கள் நடக்கிற மெயின் ஸ்ட்ரீட் உண்மையில் மாடி. இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இடப் பிரச்சினையை இவ்வளவு தலைகீழாக யோசித்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

இந்தச் சுரங்கம் எதற்கு என்பதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். டிஸ்னிலேண்டில் ஒரு நாள் கௌபாய் வேஷக்காரர் ஒருவர் தன் இடத்துக்குப் போவதற்காக, எதிர்கால உலகமாக அலங்கரித்திருந்த பகுதிக்குள் நடந்துபோனாராம். அதைப் பார்த்து வால்ட் டிஸ்னிக்கு மனசு கெட்டுப்போனதாம். அடுத்த பூங்காவில் இது நடக்கக் கூடாது என்று முடிவு செய்ததன் விளைவுதான் சுமார் 9 ஏக்கர் பரப்பில் பரவியிருக்கிற இந்த நடைகூடங்கள். மேலே எந்தப் பகுதி இருக்கிறது என்று தெரிய சுவரில் நிறம் மாறுகிறது, வரைபடங்கள் மாட்டியிருக்கின்றன. மின்சார வண்டிகள் சரக்கோடு ஓடுகின்றன, சத்தம் குறைவு என்பதால் ஒதுங்கி நடக்கச் சொன்னார்கள். ஊழியர் உணவகம் இருக்கிறது. மேலே பொம்மைகள் பாடுவதையும் கையாட்டுவதையும் நடத்துகிற கணினிகளுக்கும் இங்கேதான் இடம். தண்ணீர், மின்சாரம், தகவல் கம்பி எல்லாம் விதானத்தில் திறந்தபடியே போகின்றன. எங்காவது கசிந்தால் மேலே தெருவை வெட்ட வேண்டாம், ஏணி போட்டால் போதும். மண்டபத்தில் ஒரு குழாய் அடைப்புக்காக மூன்று முறை டைல்ஸ் பெயர்த்தவள் நான். அந்தக் குழாய்களை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன்.

அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரியது. வழிகாட்டி அதன் கீழே எங்களை நிறுத்திப் பேசாமல் இருக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று தூரத்திலிருந்து ஒரு இரைச்சல் நெருங்கி, தலைக்கு மேல் கடகடவென்று எதுவோ இடித்துக்கொண்டு ஓடி, எதிர்ப்பக்கம் போய்த் தேய்ந்தது. "இப்போது போனது குப்பை" என்றார்.

நான் கடல் தாண்டி வந்ததே இதற்குத்தான். மேலே தொட்டிகளில் சேர்கிற குப்பைப் பைகளைத் துப்புரவு ஊழியர்கள் மறைவிடங்களில் இருக்கிற வாய்களில் போடுகிறார்கள். கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை அந்த வாய் திறந்து, காற்று உறிஞ்சி, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடுகிற வேகத்தில் பைகளைப் பூங்காவின் ஓர் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே அமுக்கி, லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். ஸ்வீடன் தொழில்நுட்பம். அமெரிக்காவில் முதன்முதலில் வைத்தது இங்கேதான், 1971 முதல் இருக்கிறது. கோட்டைக்கு முன்னால் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிற அப்பாவின் காலுக்கடியில், அவர் சற்றுமுன் போட்ட பாப்கார்ன் டப்பா பறந்துகொண்டிருக்கிறது.

ஆனால் பையைத் தொட்டியிலிருந்து எடுத்து அந்த வாய் வரைக்கும் கொண்டுபோவது கைதான். அதை உறிஞ்சுகிற குழாய் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நடைகூடத்தில் எங்களைக் கடந்துபோனவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முழு அலங்கார உடையில் சுவரில் சாய்ந்து, ஒரு காலிலிருந்து ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண். இன்னொரு நடுவயது அம்மா துடைப்பத்தையும் முறத்தையும் கையில் பிடித்தபடி போனில் ஸ்பானிஷில் வீட்டோடு பேசிக்கொண்டே நடந்தார். மேலே போகிற படிக்கட்டுக்கு முன்னால் போனை உள்ளே வைத்து, காலரைச் சரிசெய்து, முகத்தை மாற்றிக்கொண்டார். அந்த ஒரு கணத்துக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

டிஸ்னி வேர்ல்ட் முழுவதும் சேர்த்து 70,000க்கு மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள். அமெரிக்காவில் ஒரே இடத்தில் இவ்வளவு பேருக்கு வேலை தருகிற நிறுவனம் வேறு இல்லை என்பார்கள். இவர்களுக்குத் தொழிற்சங்கங்கள் உண்டு. 2018இல் நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு குறைந்தபட்சக் கூலியைப் படிப்படியாக மணிக்கு 15 டாலராக உயர்த்த ஒப்பந்தம் போட்டார்கள். 2023 ஒப்பந்தத்தில் அது 18 ஆனது. ஆர்லாண்டோ வாடகை தெரிந்த அத்தானிடம் இரவு கேட்டேன். "ரெண்டு பேர் சம்பாதிச்சாதான் ஓடும்" என்றார். இந்தப் பூங்காவின் பெருமையில் அந்த ஒப்பந்தங்களுக்கும் ஓர் இடம் உண்டு என்று நான் நினைக்கிறேன். மெயின் ஸ்ட்ரீட்டில் இன்னும் எத்தனையோ ஜன்னல்கள் காலியாக இருக்கின்றன.

புதன்

காலையில் தூங்கி எழவே நேரமாகிவிட்டது, மதியம் இடியும் மழையும். இடையில் கிடைத்த நேரத்தில் மேஜிக் கிங்டத்தைச் சுற்றுகிற நீராவி ரயிலில் மட்டும் ஏறினோம். பொம்மை ரயில் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு எஞ்சின்களும் 1916க்கும் 1928க்கும் நடுவே ஃபிலடெல்ஃபியாவின் பால்ட்வின் ஆலையில் செய்தவை. மெக்சிகோவின் யுகடான் பகுதியில் உழைத்துத் தேய்ந்து, பழைய இரும்புக்குப் போகிற நிலையில் கிடந்தவற்றை 1969இல் டிஸ்னி ஆட்கள் கண்டுபிடித்து வாங்கிவந்தார்கள். செப்பனிட்டது எங்கே தெரியுமா? டாம்பா துறைமுகத்துக் கப்பல் பட்டறையில். "நம்ம ஊர்லயா!" என்று அக்காவுக்கு ஒரே பெருமை. ஒன்றுக்கு வால்ட், ஒன்றுக்கு ராய், ஒன்றுக்கு வால்ட்டின் மனைவி லில்லியன் நினைவாக லில்லி பெல், இன்னொன்றுக்கு எஞ்சின் வேலைகளை நடத்திய ரோஜர் பிராகி என்று பெயர். ஒரு எஞ்சினியர் பெயரை அண்ணன் தம்பி பெயர்களோடு சேர்த்து வைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

வியாழன் மாலை

இன்று எப்காட். டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பூங்கா, 1982இல் திறந்தது. இங்கே 'தி லேண்ட்' என்ற கட்டடத்தில் பசுங்குடில்கள் இருக்கின்றன. படகில் உட்கார்ந்தபடி பார்க்கலாம், 'பிஹைண்ட் தி சீட்ஸ்' சுற்றில் சேர்ந்தால் செடிகளுக்கு நடுவே நடந்தே பார்க்கலாம். வயது வரம்பு இல்லாததால் அக்கா மகளையும் அழைத்துப்போனேன். அவளுக்குப் பத்து வயது.

மண்ணே இல்லாமல் விவசாயம். சில கீரைகள் தண்ணீரில் மிதக்கும் பலகைகளில் வளர்கின்றன. சில செடிகள் கம்பியில் தொங்கியபடி நகர்ந்துகொண்டே இருக்கின்றன. வேர்கள் அந்தரத்தில் ஆடுகின்றன, ஒரு பெட்டிக்குள் நுழையும்போது சத்து கலந்த நீர் அவற்றின்மேல் தெளிக்கப்படுகிறது. தக்காளி இங்கே தரையில் படர்வதில்லை, தலைக்குமேல் பந்தலாக விரிந்து கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. ஒரே செடியிலிருந்து ஒரு வருஷத்தில் 32,000 தக்காளிக்கு மேல் பறித்து உலக சாதனைப் புத்தகத்தில் ஏறிய இடம் இது. மிக்கி முகமாகப் பூசணி காய்ப்பதற்குப் பிஞ்சிலேயே அச்சு மாட்டிவிடுகிறார்கள். பூச்சிக்கு மருந்து அடிப்பதைக் குறைக்க, பூச்சியைத் தின்கிற பூச்சிகளையும் சின்னக் குளவிகளையும் வளர்த்து விடுகிறார்கள். மக்கள் படகில் போகிற இடம் என்பதால் தேனீ மட்டும் கிடையாது. மகரந்தத்தைக் கையாலேயே பூவுக்குப் பூ தொட்டு வைக்கிறார்கள். விளைகிற காய்கறி பூங்காவின் உணவகங்களுக்குப் போகிறது. அரிந்து கொடுத்த வெள்ளரி நல்ல மொறுமொறுப்பு.

ஒரு திருப்பத்தில் அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கியது, நம் பலா. எங்கள் கூட்டத்தில் இருந்த ஓர் அமெரிக்கத் தாத்தா, "இதை எப்படித் தின்பது?" என்று வழிகாட்டியிடம் கேட்டார். அந்தப் பையன் செடியைப் பற்றி நன்றாகவே சொன்னான், ஆனால் உரித்துப் பழக்கமில்லை போல. நான் முன்னால் வந்து, கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பால் ஒட்டிக்கொண்டு போகவே போகாது, சுளையைப் பிரித்தபின் கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், அவித்தோ சுட்டோ தின்னலாம், குழம்பும் வைக்கலாம் என்று சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். வழிகாட்டிப் பையன் கொட்டை விஷயத்தை இரண்டாம் முறை கேட்டுத் தெரிந்துகொண்டான். "சித்தி, நீங்களே டூர் நடத்தலாம்" என்றாள் குட்டி.

வெள்ளி இரவு

அனிமல் கிங்டம். டிஸ்னி வேர்ல்டிலேயே விலங்குகளுக்கான பூங்கா, 1998இல் திறந்தது. காலையிலேயே சஃபாரி வண்டியில் ஏறினோம். குண்டும் குழியுமான செம்மண் பாதை, நடுவில் பழைய டயர்த் தடங்கள். அது முழுக்கக் கான்கிரீட். சுற்றியிருக்கிற மண்ணின் நிறத்துக்கு ஏற்றபடி சாயம் கலந்து, ஈரமாக இருக்கும்போதே டயரை உருட்டித் தடம் பதித்து, கூழாங்கல்லையும் சுள்ளியையும் வீசிப் பதித்திருக்கிறார்கள். தடித்த பாவோபாப் மரங்களும் கான்கிரீட்தான். யானைக்கும் நமக்கும், மானுக்கும் சிங்கத்துக்கும் நடுவே வேலியே கண்ணில் படாது. பள்ளங்களும் நீரோடைகளும் தாழ்வில் மறைந்திருக்கின்றன. ராத்திரி இவற்றை எப்படிக் கொட்டகைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு சத்தம் பழக்கியிருக்கிறார்களாம். தன் சத்தம் கேட்டால் அந்த விலங்குகள் தாமாகவே பின்பக்கம் வந்து சேர்ந்துவிடும்.

பிற்பகலில் 'கேரிங் ஃபார் ஜெயன்ட்ஸ்', யானைகளுக்கான சுற்று. ஒரு வேனில் பின்பக்கச் சாலை வழியாக யானைக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனார்கள். தொடவோ தீனி கொடுக்கவோ விடுவதில்லை, சற்றுத் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். அது சரியான ஏற்பாடு. கோயில் யானையின் துதிக்கையைத் தொட்டு வளர்ந்தவள் நான், ஆனாலும் ஆப்பிரிக்க யானையின் காதைப் பார்த்ததும் வாயடைத்துப்போனேன். பராமரிப்பாளர்கள் பாதம், பல், எடை எல்லாவற்றையும் முறையாகப் பார்க்கிறார்கள். யானை தானாகக் காலைத் தூக்கிக் கம்பி மேல் வைக்கப் பழக்கியிருக்கிறார்கள். வைத்தால் தீனி, வைக்காவிட்டால் தண்டனை இல்லை.

என்னை அதிகமாகப் பிடித்துக்கொண்டது யானையின் குரல் பற்றிய ஆராய்ச்சி. யானை பேசுவதில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலி. இங்குள்ள யானைகளின் கழுத்துப்பட்டையில் ஒலிப்பதிவுக் கருவி பொருத்தி அதை ஆராய்ந்தவர் ஜோசப் சோல்ட்டிஸ். அவரும் கென்யாவில் வேலை செய்த லூசி கிங்கும் மற்றவர்களும் சேர்ந்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: தேனீ இரைச்சல் கேட்டால் யானைகள் ஓடுவதோடு நிற்காமல், ஒரு தனி உறுமலால் மற்ற யானைகளையும் எச்சரிக்கின்றன. அந்த உறுமலின் பதிவை மட்டும் போட்டாலும் மற்றவை விலகிப்போயின. தோட்டத்தைச் சுற்றிக் கம்பியில் தேன்கூட்டுப் பெட்டிகளைத் தொங்கவிட்டு யானையைத் தடுக்கும் தேனீ வேலிக்கு இது பெரிய பலம். யானைக்கும் காயமில்லை, விவசாயிக்குத் தேனும் கிடைக்கிறது. பிறகு இலங்கையில் உடவளவையில் சோதித்தபோது ஆசிய யானைகளும் நம் பக்கத்துத் தேனீக்களின் இரைச்சலுக்குப் பின்வாங்கியதை 2018இல் எழுதினார்கள். கூடலூர், ஓசூர்ப் பக்கம் யானையும் மனிதர்களும் மாறி மாறிச் சாகிற செய்திகளைப் படித்துக்கொண்டிருக்கிற நமக்கு, ஒரு கேளிக்கைப் பூங்காவின் ஆராய்ச்சியாளரும் அந்த ஆராய்ச்சியில் இருந்தார் என்பது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இந்தச் சுற்றுக்குக் கொடுக்கிற கட்டணத்தில் ஒரு பகுதி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. இங்கே செலவழித்ததில் மனசு நிறைந்து கொடுத்த காசு அது.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். மேஜிக் கிங்டம் சுற்றுக்கும் மற்றவற்றுக்கும் கட்டணம் தனி, பூங்கா டிக்கெட் தனி. வயதுச் சான்றுக்குப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவைக் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள், குழு சிறியது, சீக்கிரம் நிறைந்துவிடும். ஐந்து மணி நேரம் நடை என்பதால் நல்ல ஷூ அவசியம். முட்டி வலி உள்ள பெரியவர்களுக்குச் செடிகள் சுற்றே போதும், நடை குறைவு, நிழலும் உண்டு. பிள்ளைகளோடு போனால் யானைச் சுற்றையும் அதே நாள் காலை சஃபாரியையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் தூரத்தில் பார்த்த அதே யானைகளை மாலையில் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள், அக்கா மகள் அதை விடாமல் கேட்டு எழுதி வைத்துக்கொண்டாள்.